நீக்கிய தரவுத்தளம் மறுபடி நிறுவ மறுக்கிறதா? வாசகர் கேள்விகளுக்குப் பதில்கள்

இந்த முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே சிக்கலைப் பற்றியவை: தரவுத்தள மென்பொருளை நீக்கியாகிவிட்டது, மறுபடி நிறுவினால் பாதியில் நின்றுவிடுகிறது. பதில்களுக்குமுன் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன். நீக்கும்போது தரவுக் கோப்புறை தங்கிவிடுவது பெரும்பாலும் பிழையால் அல்ல. உங்கள் அட்டவணைகள் அழிந்துவிடக் கூடாது என்று வேண்டுமென்றே விட்டுவைக்கிறார்கள். எனவே எந்தக் கோப்புறையையும் எடுத்தவுடன் அழிக்காதீர்கள். பெயரை மாற்றி வையுங்கள். புதிய நிறுவல் ஒழுங்காக ஓடி, பழையதில் தேவையானது எதுவும் இல்லை என்று உறுதியான பிறகு அழிக்கலாம்.

விண்டோஸில் மைஎஸ்கியூஎல் 8.0-ஐ நீக்கிவிட்டு மறுபடி நிறுவுகிறேன். சர்வரைத் தொடங்கும் கட்டத்தில் சிவப்புக் குறி வந்து நின்றுவிடுகிறது. என்ன செய்வது?

புரோகிராம் ஃபைல்ஸில் தேடியிருப்பீர்கள். தரவு அங்கே இல்லை. சி டிரைவில் புரோகிராம்டேட்டா என்ற மறைந்த கோப்புறை இருக்கிறது. ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் மறைந்தவற்றைக் காட்டச் சொன்னால்தான் கண்ணில் படும். அதற்குள் மைஎஸ்கியூஎல் கோப்புறை, அதற்குள் மைஎஸ்கியூஎல் சர்வர் 8.0, அதற்குள் டேட்டா. அங்கே கணினியின் பெயரோடு, 'இஆர்ஆர்' என்ற பின்னொட்டுடன் ஒரு கோப்பு இருக்கும். அதை நோட்பேடில் திறந்து கடைசி வரிகளைப் படியுங்கள். சர்வர் ஏன் எழவில்லை என்பது பெரும்பாலும் அங்கே எழுதப்பட்டிருக்கும். இதைப் படிக்காமலே திரும்பத் திரும்ப நிறுவிப் பார்ப்பவர்கள்தான் அதிகம்.

3306 போர்ட்டை (சர்வர் இணைப்புகளை ஏற்கும் வாயிலின் எண்) வேறொன்று பிடித்திருப்பதாக அந்த வரிகள் சொன்னால், வலைத்தளம் உருவாக்குபவர்கள் பயன்படுத்தும் எக்ஸாம்ப் என்ற மென்பொருள் தொகுப்பு ஓடுகிறதா என்று பாருங்கள். அதனுடன் வரும் மரியாடிபி என்ற தரவுத்தளமும் அதே போர்ட்டைத்தான் கேட்கும். அப்படியானால் எதையும் அழிக்கத் தேவையில்லை; ஒன்றை நிறுத்தினால் போதும்.

பழைய தரவுதான் காரணம் என்றால், மென்பொருளை நீக்கிவிட்டு டேட்டா கோப்புறையின் பெயரை மாற்றுங்கள். பிறகு விண்டோஸ் பின்னணியில் ஓட்டும் சர்வீஸ்களின் பட்டியலில் மைஎஸ்கியூஎல்80 இன்னும் நிற்கிறதா என்று பார்த்து, பட்டியல் சாளரத்தை மூடிவிடுங்கள். அது திறந்திருந்தால், சர்வீஸ் நீக்குவதற்குக் குறிக்கப்பட்டதோடு நின்றுவிடலாம். சர்வீஸ் இன்னும் நின்றால் அதை நீக்க, அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்த கமாண்ட் பிராம்ப்டில் 'எஸ்சி டெலிட்' கட்டளையுடன் சர்வீஸின் பெயரைக் கொடுங்கள். விண்டோஸுடன் வரும் பவர்ஷெல்லில் இதைச் செய்யாதீர்கள். அங்கே 'எஸ்சி' என்பது கோப்பில் எழுதும் வேறொரு கட்டளையின் சுருக்கம். 'டெலிட்' என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகும், அதற்குள் சர்வீஸின் பெயர் எழுதப்பட்டிருக்கும், சர்வீஸோ அப்படியே நிற்கும். பிழைச்செய்தியும் வராததால் வேலை முடிந்தது என்றே நம்பிவிடுவீர்கள்.

போஸ்ட்கிரெஸ்கியூஎல்லை நீக்கி, புதிய கடவுச்சொல் கொடுத்து நிறுவினேன். அந்தக் கடவுச்சொல்லை ஏற்க மறுக்கிறது.

அதன் விண்டோஸ் நீக்கி, தரவுக் கோப்புறையை நீக்கவில்லை என்று கடைசியில் ஒரு செய்தி காட்டும். பலரும் அதைப் படிக்காமலே மூடிவிடுகிறார்கள். கடவுச்சொல் அந்தக் கோப்புறைக்குள்தான் இருக்கிறது. அதே பதிப்பை அதே இடத்தில் நிறுவினால் பழைய தரவே எடுத்துக்கொள்ளப்படும், பழைய கடவுச்சொல்லே செல்லும். முதலில் அதைப் போட்டுப் பாருங்கள்.

மறந்துவிட்டது, தரவும் வேண்டாம் என்றால் கோப்புறையின் பெயரை மாற்றிவிட்டு மறுபடி நிறுவுங்கள். தரவு வேண்டும் என்றால் யார் எப்படி நுழையலாம் என்று சொல்லும் 'பிஜி ஹெச்பிஏ' அமைப்புக் கோப்பில், உங்கள் கணினியிலிருந்து வரும் இணைப்புகளுக்கான வரிகளை மட்டும் 'டிரஸ்ட்' என்று மாற்றி, சர்வீஸை மறுபடி தொடங்கி, உள்ளே போய்ப் புதிய கடவுச்சொல்லை வையுங்கள். உடனே பழைய அமைப்புக்குத் திருப்பிவிடுங்கள். அந்தச் சொல் அங்கே இருக்கும்வரை கணினியில் நுழையும் எவரும் கடவுச்சொல் இல்லாமல் தரவுத்தளத்துக்குள் போகலாம்.

விண்டோஸின் அமைப்புகள் பதிவாகும் ரெஜிஸ்ட்ரியைச் சுத்தம் செய்யும் இலவச மென்பொருளைப் பயன்படுத்தலாமா?

வேண்டாம். எந்தப் பதிவு எந்த மென்பொருளுக்கு உரியது என்று அவற்றால் உறுதியாக அறிய முடியாது. ஒரே கணினியில் இரண்டு தரவுத்தளங்கள் இருந்தால், நன்றாக ஓடுவதையும் சேர்த்துக் கெடுத்துவிடலாம்.

உபுண்டுவில் மைஎஸ்கியூஎல் தொடர்பான கோப்புறைகளையெல்லாம் கையால் அழித்துவிட்டேன். இப்போது அமைப்புக் கோப்பு இல்லை என்று சொல்லி நிறுவல் தோற்கிறது. அதை நிறுவல்தானே உருவாக்க வேண்டும்?

நியாயமான கேள்வி. உபுண்டுவின் அடியில் இருக்கும் டெபியன் முறையில், /இடிசி-க்குள் இருக்கும் அமைப்புக் கோப்புகள் நிர்வாகிக்கு உரியவை. நீங்கள் ஒன்றை அழித்தால், தெரிந்தே அழித்தீர்கள் என்று எடுத்துக்கொண்டு, மறுநிறுவலின்போது அதைத் திரும்ப வைக்காது. 'ரிமூவ்' என்று நீக்கினாலும் அந்தக் கோப்புகள் மென்பொருள் தொகுப்பின் பெயரிலேயே பதிவாகி இருக்கும். அந்தப் பதிவையும் துடைப்பது 'பர்ஜ்' மட்டுமே.

மைஎஸ்கியூஎல் சர்வர் தொகுப்புகளோடு 'மைஎஸ்கியூஎல்-காமன்' தொகுப்பையும் பர்ஜ் செய்துவிட்டு நிறுவுங்கள். /இடிசி/மைஎஸ்கியூஎல் கோப்புறையின் அடிப்படைக் கோப்புகள் அந்தத் தொகுப்பில்தான் இருக்கின்றன; பலர் அதை விட்டுவிடுகிறார்கள். அதோடு போகக்கூடிய மற்றத் தொகுப்புகளின் பட்டியலைப் படித்துப் பார்த்த பிறகே சம்மதம் கொடுங்கள். பர்ஜ் செய்யும்போது தரவுத்தளங்களையும் நீக்கலாமா என்று கேட்டால், யோசிக்காமல் ஆம் சொல்ல வேண்டாம்.

முன்பு மரியாடிபி வைத்திருந்தவர்களுக்கு: இரண்டும் /வார்/லிப்/மைஎஸ்கியூஎல் என்ற ஒரே இடத்தையே பயன்படுத்துகின்றன. மரியாடிபி விட்டுப்போன தரவின் மேல் மைஎஸ்கியூஎல் 8.0 எழாது. தரவை டம்ப் (தனிக் கோப்பாக நகல்) எடுத்துவிட்டு அந்தக் கோப்புறையை நகர்த்துங்கள்.

விண்டோஸ் 11 மடிக்கணினியில் எஸ்கியூஎல் சர்வர் 2022 நிறுவல் கடைசிக் கட்டத்தில் தோற்கிறது. எல்லா மிச்சங்களையும் நீக்கியும் பயனில்லை.

மிச்சம் காரணமாக இல்லாமலும் இருக்கலாம். நிறுவல் பதிவுகளில் 'சம்மரி' கோப்பைப் பாருங்கள். 'டேட்டாபேஸ் எஞ்சின் ரிகவரி ஹேண்டில்' என்பதற்காகக் காத்திருந்து தோற்றதாக இருந்தால், வட்டைச் சோதியுங்கள். எஸ்கியூஎல் சர்வர் 512 அல்லது 4096 பைட் செக்டார் (வட்டு படித்து எழுதும் அடிப்படை அலகு) அளவைத்தான் ஏற்கும். புதிய என்விஎம்இ வகை வேக வட்டுகள் சில 8192, 16384 என்று அதைவிடப் பெரிய அளவைச் சொல்கின்றன. விண்டோஸ் 11 அதை அப்படியே எடுத்துக்கொள்கிறது. 'எஃப்எஸ்யுடில்' கட்டளையில் செக்டார் விவரம் கேட்டால் தெரிந்துவிடும்.

வட்டு 4096-ஐச் சொல்லும்படி வைக்கும் ரெஜிஸ்ட்ரி அமைப்பை மைக்ரோசாஃப்டே தன் ஆதரவுப் பக்கத்தில் தந்திருக்கிறது. அதைச் செய்து கணினியை மறுபடி தொடங்குங்கள். அதற்குப் பிறகுதான் பாதி நிறுவிய எஸ்கியூஎல் சர்வரை நீக்கி, மிஞ்சிய எம்எஸ்எஸ்கியூஎல்16 கோப்புறையின் பெயரை மாற்றி, புதிதாக நிறுவ வேண்டும். வட்டின் அமைப்பை மாற்றாமல் எத்தனை முறை சுத்தம் செய்தாலும் அதே இடத்தில்தான் நிற்கும்.