மைக்செட் கேள்வி பதில்: இசை வருகிறது, குரல் எங்கே போனது?

கேள்வி: வியாசர்பாடியில் ஆறு பேர் சேர்ந்து கானா கச்சேரி செய்கிறோம். டோலக், கீபோர்டு, இரண்டு பாடகர்கள். கைக்காசு போட்டு 12 சேனல் மிக்ஸரும் இரண்டு பவர்டு ஸ்பீக்கரும் வாங்கிவிட்டோம். லேப்டாப்பில் பாட்டு போட்டால் இசை வருகிறது, பாடுபவர் குரல் மட்டும் காணோம். லேப்டாப் கெட்டுவிட்டதா? இன்னொன்று, எல்லாவற்றையும் மாட்டியதும் 'உம்ம்ம்' என்று ஒரு சத்தம். மிக்ஸர் பிளக்கில் எர்த் பின்னை வெட்டினால் போய்விடும் என்கிறார் தெரிந்தவர் ஒருவர். வெட்டலாமா அண்ணா?

பதில்: வெட்டாதீர்கள் தம்பி. மற்றதெல்லாம் அப்புறம், முதலில் இது. பாடுகிறவர் உதட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் மைக் வலை, கேபிளின் ஷீல்டு வழியாக மிக்ஸரின் இரும்புப் பெட்டியோடு சேர்ந்திருக்கிறது. எர்த் இல்லாத மிக்ஸருக்குள் ஃபேஸ் ஒயர் ஒன்று பெட்டியைத் தொட்டால் அந்த மின்சாரம் மைக் வரைக்கும் வந்து நிற்கும். ஆடி மாதத்தில் கூழ் ஊற்றும் இடத்தில், மழை பெய்த ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்றுதான் நாம் பாடுகிறோம். ராயபுரம் பக்கம் ஒரு தெருவிழாவில் பாடகர் ஒருவர் உதட்டில் சுருக்கென்று வாங்கிக்கொண்டு மைக்கைத் தூக்கிப் போட்டதைப் பக்கத்திலேயே நின்று பார்த்தவன் நான். பிளக்கைப் போய்ப் பார்த்தால் மூன்றாவது பின் இல்லை.

சத்தத்துக்குக் காரணம் பெரும்பாலும் கரண்ட் எடுக்கும் விதம்தான். மிக்ஸருக்கு ஒரு வீட்டில், மேடைக்கு எதிர் வீட்டில் என்று எடுப்போம், இல்லையா? இரண்டு எர்த்தும் கேபிள் ஷீல்டு வழியாக ஒரு சுற்றாகச் சேர்ந்துகொள்ளும், அதில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் கரண்ட்தான் 'உம்ம்ம்' என்று கேட்கிறது. அதைவிட மோசம், இரண்டு வீடும் வேறு வேறு ஃபேஸில் இருந்தால் சாமான்களுக்கு இடையே 400 வோல்ட்டுக்கு மேல் இருக்கலாம். அதனால் ஒரே இடத்தில் கரண்ட் எடுங்கள். அங்கே எர்த் உண்மையிலேயே இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்த்துவிட்டு, மூன்று கோர் உள்ள தடித்த ஒயரில் மேடைக்கும் மிக்ஸருக்கும் பிரித்துக்கொள்ளுங்கள். அந்த இடத்திலேயே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) ஒன்று போட்டுவிட்டால் எனக்கும் நிம்மதி.

அதற்கும் போகவில்லையா? மிக்ஸரில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் எல்லா ஃபேடரையும் மாஸ்டரையும் கீழே இறக்குங்கள். அப்போதும் சத்தம் இருந்தால் மிக்ஸருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவில் தேடுங்கள், இல்லையென்றால் ஒவ்வொரு சேனலாக ஏற்றிப் பார்த்தால் ஆள் மாட்டிக்கொள்வான். அடிக்கடி மாட்டுவது லேப்டாப் சார்ஜர்தான். அதைக் கழற்றியதும் சத்தம் நின்றால் லேப்டாப்புக்கும் மிக்ஸருக்கும் நடுவில் டிரான்ஸ்ஃபார்மர் உள்ள டி.ஐ. பாக்ஸ் (ஜாக்கில் வரும் சிக்னலை மைக் கேபிளில் போகும்படி மாற்றித்தரும் சின்னப் பெட்டி) போட்டு அதிலிருக்கும் கிரவுண்ட் லிஃப்ட் பட்டனைத் தட்டுங்கள். அந்தப் பட்டன் பிரிப்பது ஆடியோ கேபிளின் ஷீல்டை மட்டும்தான், கரண்ட் எர்த்தை அது தொடுவதே இல்லை. கீபோர்டுக்கும் ஒரு டி.ஐ. பாக்ஸ் வேண்டும், ஏனென்றால் சாதாரண ஜாக் கேபிளை மேடையிலிருந்து பதினைந்து மீட்டர் இழுத்தால் வழியில் இருக்கிற இரைச்சலையெல்லாம் வாரிக்கொண்டு வரும்.

சரி, குரலுக்கு வருவோம். லேப்டாப் நன்றாகத்தான் இருக்கிறது. மிக்ஸரில் மாட்டியிருக்கும் பெரிய ஜாக்கை உருவிப் பாருங்கள், கருப்பு வளையம் இரண்டு இருக்கும். அது ஸ்டீரியோ பி-38 (பெரிய ஜாக்குக்குக் கடையில் சொல்லும் பெயர்), நுனியில் இடது பக்கம், நடுவில் வலது பக்கம். மிக்ஸரின் மோனோ சேனலோ அந்த இரண்டையும் பேலன்ஸ்டு சிக்னல் (ஒரே ஒலியை ஒரு ஒயரில் நேராகவும் இன்னொன்றில் தலைகீழாகவும் அனுப்புவது) என்று நினைத்து ஒன்றிலிருந்து ஒன்றைக் கழிக்கிறது. இரைச்சலைக் கொல்வதற்காக வைத்த நல்ல ஏற்பாடு அது. ஆனால் பாட்டில் குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் இருப்பதால் கழித்தால் பூஜ்யம், பேஸும் பெரும்பாலும் கூடவே போய்விடும். குரலின் எக்கோ மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டிருக்குமே, அதுதான் அடையாளம். ரிச்சி ஸ்ட்ரீட்டில் ஒரு முனையில் சின்ன ஸ்டீரியோ ஜாக்கும் மறுமுனையில் இரண்டு மோனோ பி-38-ம் உள்ள கேபிள் கேளுங்கள். இரண்டையும் மிக்ஸரின் ஸ்டீரியோ சேனலில் மாட்டினால் குரல் வந்துவிடும்.

கேள்வி: பேண்டம் பவர் போட்டால் சாதாரண மைக் போய்விடும் என்கிறார்களே? (தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு வாசகர்)

பதில்: கேனன் கேபிள் (மூன்று பின் உள்ள மைக் கேபிள்) சரியாக இருந்தால் போகாது. பேண்டம் பவர் என்பது கரண்ட் தேவைப்படும் மைக்குகளுக்காக மிக்ஸர் அந்தக் கேபிள் வழியாகவே அனுப்புவது. 48 வோல்ட் 2-வது பின்னிலும் 3-வது பின்னிலும் சமமாக வருவதால் சாதாரண டைனமிக் மைக்கின் காயிலில் கரண்ட் ஓடாது. கேபிளில் ஒரு பின் 1-வது பின்னோடு ஷார்ட் ஆகியிருந்தால்தான் வம்பு. ஈயம் வைக்கும்போது 1-ல் ஷீல்டு, 2-ல் ஹாட் (நேர் சிக்னல்), 3-ல் கோல்டு (தலைகீழ் சிக்னல்), முடித்ததும் மல்டிமீட்டர் வைத்து மூன்றையும் பாருங்கள். தேவையில்லாதபோது அணைத்தே வையுங்கள், போடும்போதும் மைக் மாட்டும்போதும் சேனலை மியூட் செய்துகொள்ளுங்கள்.

கேள்வி: காசிமேட்டில் ஜாக்கைத் தொட்டாலே கரகரவென்கிறது. மிக்ஸர் மாற்றவேண்டுமா?

பதில்: வேண்டாம். உப்புக்காற்றில் ஜாக்கில் களிம்பு ஏறியிருக்கும். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு கான்டாக்ட் கிளீனர் அடித்து, ஜாக்கைப் பத்து தடவை செருகி உருவுங்கள், காயவிட்டு அப்புறம் போடுங்கள். போடும்போது முதலில் மிக்ஸர், கடைசியில் ஸ்பீக்கர். நிறுத்தும்போது ஸ்பீக்கர்தான் முதலில்.