யெகார் வந்தது, ப்ளெக்கா கிளம்பியது

கேள்வி: ஸ்பானிஷ் ஓரளவு பேசுவேன். வேலை விஷயமாக ருமேனியா போகிறேன். ஸ்பானிஷில் 'யெகார்' என்றால் வந்து சேர்வது. ருமேனியத்தில் 'ப்ளெக்கா' என்றால் கிளம்புவது. இரண்டும் ஒரே சொல் என்று படித்தேன். அது எப்படி? ஸ்பானிஷை வைத்து ருமேனியச் சொற்களை ஊகிக்கலாமா?

பதில்: ஒரே சொல்தான். மாட்ரிட் விமான நிலையத்தில் 'யெகாதாஸ்' என்ற பலகை வருகைக்கு. புக்கரெஸ்டில் 'ப்ளெக்கர்' என்ற பலகை புறப்பாட்டுக்கு. பழக்க தோஷத்தில் அதன் கீழே போய் நின்றால், அழைத்துப்போக வந்த ஆளைப் பார்க்கவே முடியாது.

தாய்ச்சொல் லத்தீன் 'ப்ளிகாரே'. மடிப்பது என்று பொருள். இத்தாலியரின் 'பியெகாரே'யும் பிரெஞ்சுக்காரரின் 'ப்ளியே'யும் இன்றும் துணி, காகிதம் மடிப்பதுதான்.

இதற்கு ஒரு கதை உண்டு. மாலுமி கரை சேர்ந்ததும் பாயை மடிப்பான், அதனால் ஸ்பெயினில் வருகை. படைவீரன் கூடாரத்தை மடித்துவிட்டுக் கிளம்புவான், அதனால் ருமேனியாவில் புறப்பாடு. தமிழருக்கு இது சட்டென்று பிடித்துவிடும். கப்பலில் பாயைச் சுருட்டினால் வந்தாயிற்று, திண்ணையில் பாயைச் சுருட்டினால் கிளம்பியாயிற்று!

ஆனால் நான் இதை முழுசாக நம்புவதில்லை. கப்பலைக் கரையோடு அணைப்பதற்கு லத்தீனில் 'அப்ளிகாரே' என்றே சொன்னார்கள்; ப்ளிகாரேக்கு முன்னொட்டு சேர்த்த சொல் அது. கரை அணைவதிலிருந்து வந்து சேர்வதற்கு ஓர் எட்டுதான், நடுவில் பாய் எதற்கு? கூடாரம் வெறும் ஊகம். ஆனாலும் தள்ளிவிட முடியாத ஊகம். பிரெஞ்சில் 'மூட்டையை மடிப்பது' என்றால் நடையைக் கட்டுவது. பார்சலோனாவில் கத்தலான் பேசும் தொழிலாளி மாலையில் 'ப்ளெகெம்' என்றால், கடையைக் கட்டுவோம், இன்றைக்கு வேலை முடிந்தது என்று அர்த்தம்.

சரி, ஊகிக்கலாமா? உருவத்தை ஊகிக்கலாம். லத்தீன் சொல்லின் முதலில் இருந்த 'ப்ள' ருமேனியத்தில் அப்படியே நின்றது. ஸ்பானிஷில் பல சொற்களில் அது 'ய' ஒலியாகிவிட்டது, இரண்டு 'எல்' போட்டு எழுதுவார்கள். மழை அங்கே 'யுவியா', இங்கே 'ப்ளொவாயே'. நிறைந்தது அங்கே 'யேனோ', இங்கே 'ப்ளின்'. போர்ச்சுகீசியத்தில் 'ஷ' ஆகி, யெகார் 'ஷெகார்' ஆனது.

பொருளை மட்டும் ஊகிக்காதீர்கள். வந்து சேர்வதற்கு ருமேனியத்தில் 'அஜுன்ஜே' என்று தனிச்சொல். ஸ்டேஷனில் 'த்ரெனுல் ப்ளெயாக்கா' என்று காதில் விழுந்தால், ரயில் வருகிறது என்று டீ குடித்துக்கொண்டு நிற்க வேண்டாம், ஓடிப்போய் ஏறிவிடுங்கள்.