பயம் இல்லாவிட்டால் கடவுள் நம்பிக்கையே இருக்காதா?

பாதி உண்மை. மதத்தின் முதன்மையான அடித்தளம் பயம்தான் என்று 1927இல் லண்டனில் பேசிய பிரிட்டிஷ் தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸலே சொன்னார். ஆனால் எந்தப் பயம் என்று கேட்க வேண்டும்.

ஒன்று, நம் கையை மீறியவற்றின் மீதான பயம். முதல் உலகப்போர்க் காலத்தில் பசிபிக்கின் ட்ரோப்ரியாண்ட் தீவுகளில் தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் மாலினோவ்ஸ்கி ஒரு வித்தியாசத்தைக் கவனித்தார். அமைதியான காயலில் நச்சுச் செடியைக் கலந்து மீன் பிடிப்பவர்கள் மந்திரம் எதுவும் சொல்வதில்லை. அங்கே மீன் நிச்சயம், ஆபத்தும் கிடையாது. திறந்த கடல் என்றால் மட்டும் விரிவான சடங்குகள்! நியூசிலாந்தில் 2011 கிறைஸ்ட்சர்ச் நிலநடுக்கத்துக்குப் பிறகும் இதே கதைதான்: மதப்பற்று பொதுவாகக் குறைந்துவந்த நாட்டில், பாதிக்கப்பட்டவர்களிடையே மட்டும் அது கூடியது.

இன்னொன்று நரகம், பாவம், தண்டனை என்று மதமே ஊட்டும் பயம். இது நம்பிக்கையை உண்டாக்குவதில்லை என்பது என் கருத்து. நரகமே இல்லை என்பவரை நரகத்தைக் காட்டி மிரட்ட முடியாதே! ஏற்கெனவே உள்ளே இருப்பவரை வெளியேற விடாமல் பிடித்துவைக்கத்தான் அது உதவும்.

சரி, மீதிப் பாதி? நன்றியுணர்வு, வியப்பு, கூடிப் பாடும் மகிழ்ச்சி, பிள்ளைப் பருவப் பழக்கம் எல்லாம் இருக்கின்றன. 8ஆம் நூற்றாண்டு சூஃபி ஞானி ராபியா, நரகத்துக்குப் பயந்து உன்னை வணங்கினால் என்னை நரகத்திலேயே எரித்துவிடு என்று இறைவனிடம் வேண்டியதாகச் சொல்வார்கள்.