படுத்தால் கூடும் இடுப்புவலி

கேள்வி: ஓசூர் தொழிற்சாலையில் பணிபுரியும் என் மகனுக்கு (26) விடியற்காலையில் இடுப்பு இறுகிவிடுகிறது, கட்டிலின் விளிம்பைப் பிடித்துத்தான் எழுகிறான். ஆன்கைலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் என்றும், ரத்தத்தில் எச்.எல்.ஏ. பி27 இருக்கிறது என்றும் மருத்துவர் கூறுகிறார். அவன் தங்கைக்கும் வருமா?
– ஒரு தாய், காவேரிப்பட்டினம்

பதில்: எச்.எல்.ஏ. பி27 என்பது ஒரு மரபுக்கூறு; அதற்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 1973-லேயே கண்டறியப்பட்டது. உடன்பிறந்தவருக்கு வாய்ப்பு சற்று அதிகம்தான்; ஆயினும் அக்கூறு உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர்க்கு நோய் வருவதே இல்லை என்பதால், வலியில்லாத மகளுக்கு இப்போது ரத்தப் பரிசோதனை தேவையில்லை.

மகனைத்தான் கவனிக்க வேண்டும். சுமை தூக்கி வந்த வலி ஓய்வில் தணியும்; இதுவோ முதுகெலும்பின் அடியில், இடுப்பெலும்போடு சேரும் மூட்டில் தொடங்கும் அழற்சியாதலால் படுத்தால் கூடி, நடமாடினால் குறையும். முற்றினால் முள்ளெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து முதுகு வளையாமற்போகலாம். எக்ஸ்ரேயில் மாற்றம் தெரியப் பல ஆண்டுகள் ஆகக்கூடும், எம்.ஆர்.ஐ. முன்னரே காட்டிவிடும். ('டிஸ்க்' என்றெண்ணி பெல்ட் போட்டே காலம் கழித்தவர்கள் பலர்.) தினசரி உடற்பயிற்சியும் அழற்சி குறைக்கும் மாத்திரைகளுமே முதற்கட்டச் சிகிச்சை, அவை போதாதபோது அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற புரதத்தை முடக்கும் ஊசிகள் உண்டு, ஆனால் உடலில் அறிகுறியின்றி உறங்கும் காசநோய் அவற்றால் விழித்துக்கொள்ளக்கூடும் என்பதால் அதற்கான சோதனை முதலில் அவசியம். பீடி, சிகரெட் இருந்தால் விடச் சொல்லுங்கள். இந்நோயில் கண்ணிலும் அழற்சி வரலாம் என்பதால், கண் சிவந்து வலித்து வெளிச்சம் கூசினால் அன்றே கண் மருத்துவரிடம் காட்டுங்கள்.