ரத்னகிரியின் கைதிகள் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பர்மாவின் கடைசி மன்னர் தீபோ மகாராஷ்டிரத்துக் கடற்கரை ஊரான ரத்னகிரியில் ஆங்கிலேயரின் கைதியாகக் கழித்த முப்பது வருடங்களைப் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்தேன். முடித்தபோது மனதில் ஒரு உறுத்தல் இருந்தது. மூத்த இளவரசிக்கும் வாயிற்காவலருக்கும் இருந்த உறவு, அவருக்குப் பிறந்த குழந்தை, இரண்டாம் இளவரசி வீட்டை விட்டுப் போனது, மன்னரின் கடைசி நோய், ராணியின் கோபம் என்று ஒரு குடும்பத்தின் உள்ளறை வரைக்கும் போய்விட்டீர்கள். இறந்துபோனவர்கள் என்பதாலேயே அவர்கள் வீட்டு விஷயத்தை நாம் பேசிக்கொண்டிருக்கலாமா? ராஜ்யம் எப்படிப் போனது, யார் பிடுங்கினார்கள் என்பது போதாதா?

இன்னொன்று. பட்டத்துக்கு வந்த சில மாதங்களிலேயே சொந்த அண்ணன் தம்பிகளையும் உறவுகளையும் கொல்லவிட்டவர் இவர். அவருடைய துன்பத்துக்கு இவ்வளவு இரக்கம் எதற்கு?

நான் வேலூர்க்காரன். பாலாற்றங்கரையில் இருக்கும், இலங்கையின் கடைசிக் கண்டி மன்னர் ஸ்ரீ விக்ரம ராஜசிங்கனின் சமாதியான முத்துமண்டபத்தைச் சிறுவயது முதல் பார்த்து வருகிறேன். அவர் வீட்டுக்குள் என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொன்னதில்லை. அதனால் அவர் மீதான மரியாதை குறைந்துவிடவும் இல்லை.

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

உங்கள் உறுத்தல் எனக்கும் இருந்தது. மூத்த இளவரசியைப் பற்றிய பகுதியை எழுதுவதா வேண்டாமா என்று பல நாள் யோசித்தேன். எழுதலாம் என்று முடிவு செய்ததற்கு ஒரே காரணம்தான். அந்தக் குடும்பத்துக்கு உள்ளறை என்று ஒன்றை ஆங்கில அரசு விட்டுவைக்கவே இல்லை. யார் வந்து பார்க்கலாம், எவ்வளவு செலவழிக்கலாம், வெளியே எதுவரை போகலாம், மகள்களை யாருக்குக் கட்டிக்கொடுக்கலாம் என்று எல்லாமே கோப்புகளில் எழுதி, அதிகாரிகள் கையெழுத்திட்டு முடிவான விஷயங்கள். நீங்கள் கேட்கும் அரசியல் வரலாறு 1885-க்குப் பிறகு நடந்த இடமே அந்த வீடுதான்.

1885-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். பர்மாவில் தேக்கு வெட்டிய ஆங்கில நிறுவனமான பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷனுக்கு மன்னரின் அரசு சுமார் 23 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. அதைச் சாக்காக வைத்து ஆங்கிலேயர் போர் தொடுத்தார்கள். இரண்டு வாரத்தில் தலைநகர் மாண்டலே விழுந்தது. நவம்பர் 29 அன்று மன்னரையும் ராணி சுபயாலத்தையும் அரண்மனையிலிருந்து மாட்டுவண்டியில் ஏற்றி ஐராவதி ஆற்றில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். பாடப்புத்தகம் இந்த இடத்தில் முடிந்துவிடும்.

ஆனால் ராணி அப்போது ஐந்தாறு மாதக் கர்ப்பிணி. மூத்த மகளுக்கு ஐந்து வயது, அடுத்தவளுக்கு இரண்டு. வயிற்றில் இருந்த மூன்றாவது பெண் 1886 மார்ச்சில் பிறந்தாள். எங்கே தெரியுமா? நம் சென்னையில். ரத்னகிரிக்கு அனுப்புவதற்கு முன்பு நான்கு மாதம் அவர்களை இங்கேதான் வைத்திருந்தார்கள். ராஜ்யத்தை இழந்து, கடல் கடந்து, மொழி தெரியாத ஊரில் ஒரு பெண் பிரசவத்துக்குக் காத்திருந்திருக்கிறாள். இதை எழுதாமல் விட்டால் மரியாதை காப்பாற்றப்பட்டதாக என்னால் நினைக்க முடியவில்லை.

ஏப்ரலில் ரத்னகிரி. அந்த ஊரைத் தேர்ந்தெடுத்ததில் ஒரு கணக்கு இருந்தது. ரயில் கிடையாது. கொங்கண் ரயில்பாதை முழுவதுமாகத் திறந்தது 1998-இல்தான். கடல் வழியாகத்தான் போக்குவரத்து; மழைக்காலத்தில் அதுவும் நின்றுவிடும். பர்மாவிலிருந்து ஒரு மனிதர் சும்மா வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போக முடியாது. 1887-இல் நான்காவது மகள் அங்கே பிறந்தாள். இருபது வருடத்துக்கு மேல் வாடகை பங்களாவில் இருந்தார்கள். இன்று தீபோ அரண்மனை என்று காட்டப்படும் செங்கல் கட்டடம் 1910-இல்தான் தயாரானது. மன்னர் அதில் வாழ்ந்தது ஆறு வருடம் மட்டுமே.

நான் அங்கே போயிருக்கிறேன். இப்போது அருங்காட்சியகம். மேல்தளத்தில் நின்றால் கடல் தெரிகிறது. நல்ல காற்று, நல்ல வெளிச்சம். ஆனால் அந்தக் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தவருக்கு அனுமதி வாங்காமல் கரைக்கு இறங்கிப் போக வழியில்லை. பத்து நிமிடத்துக்கு மேல் என்னால் அங்கே நிற்க முடியவில்லை.

சரி, நோய் பற்றி. அவரைக் குடிகாரர் என்றும் கொடுங்கோலர் என்றும் 1885-க்கு முன்பே ஆங்கிலப் பத்திரிகைகள் எழுதித் தள்ளின. போர் வேண்டும் என்றவர்களுக்கு அந்தச் சித்திரம் வசதியாக இருந்தது. உண்மையில் அவர் மடத்தில் படித்தவர். பாலி மொழிப் பௌத்த நூல்களில் தேர்வு எழுதித் தேறியவர். தந்தை மிண்டோன் மன்னருக்குப் பிறகு இவர் வருவார் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. அப்படிப்பட்டவர் 26 வயதில் ஒரு வளாகத்துக்குள் அடைக்கப்பட்டார். செய்ய வேலை கிடையாது. வைஸ்ராய்க்கு மனு மேல் மனு எழுதினார். கொண்டுவந்த மாணிக்கக் கற்களை ஒவ்வொன்றாக விற்றார், கடன் வாங்கினார். 1912-இல் இளைய ராணி சுபயாகலே இறந்தார். அவர் சுபயாலத்தின் உடன்பிறந்த தங்கை. 1916 டிசம்பரில் மன்னரும் இதயக் கோளாறால் இறந்தார். வயது 57. முப்பது வருடம் ஒரே வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த உடம்பு அது.

நோயைப் பற்றி எழுதுவது அந்தரங்கத்தில் நுழைவது என்கிறீர்கள். கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபரை நினைத்துப் பாருங்கள். டெல்லியிலிருந்து ரங்கூனுக்கு அனுப்பப்பட்ட அவர் 1862 நவம்பர் 7 அன்று 87 வயதில் இறந்தார். தொண்டை செயலிழந்து விழுங்கவே முடியாமல் போனது என்று அவரைக் காவல் காத்த அதிகாரி மேலிடத்துக்கு எழுதியதால்தான் நமக்குத் தெரிகிறது. ஒரு கிழவரால் கஞ்சி இறக்க முடியவில்லை என்பது அரசாங்க அறிக்கை. அன்றே புதைத்தார்கள். பிறகு அடையாளமே தெரியாதபடி மேலே புல்லை மூடினார்கள். 1991-இல் தோண்டும்போதுதான் அந்த இடம் அகப்பட்டது. டெல்லி மன்னரை ரங்கூனுக்கும் மாண்டலே மன்னரை ரத்னகிரிக்கும் அனுப்பியது ஒரே அரசு. ஜாபரின் மனைவி ஜீனத் மஹால் ரங்கூனில் இறந்ததும் 1886-இல்தான், தீபோ ரத்னகிரியில் இறங்கிய அதே வருடம்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. 1879 பிப்ரவரியில் நடந்ததை நான் மறைக்கவில்லை, மறைக்கவும் மாட்டேன். சுமார் 80 ராஜ உறவினர்கள், குழந்தைகள் உட்பட, அரண்மனைக்குள்ளேயே கொல்லப்பட்டார்கள். மாமியாரின் திட்டம், மந்திரிகளின் திட்டம் என்று பல பேர் எழுதியிருக்கிறார்கள். இருக்கட்டும். நடந்தது அவர் பெயரில், அவர் ஆட்சியில். இருபது வயது என்பதால் மன்னித்துவிடுங்கள் என்று கேட்க மாட்டேன்.

ஆனால் அந்தக் கொலையின் நிழல் கடைசியில் யார் மேல் விழுந்தது என்று பாருங்கள். ராஜ ரத்தம் உள்ளவனுக்குத்தான் பெண்ணைக் கொடுப்போம் என்பதில் தீபோவும் சுபயாலத்தும் உறுதியாக இருந்தார்கள். அவர்களே ஒரே தந்தையின் பிள்ளைகள். அந்த வம்சத்தின் வழக்கம் அப்படி. மகள்கள் நால்வரும் வயதுக்கு வந்தபோது ஆங்கில அரசும் பர்மாவில் மாப்பிள்ளை தேடியது. எங்கிருந்து கிடைப்பான்? வரனாக இருந்திருக்க வேண்டிய வீடுகள் 1879-இலேயே அழிந்துவிட்டன. மிஞ்சியவர்களிலும் தகுந்தவர் அமையவில்லை. அப்பா அம்மாவின் ஆட்சியில் சிந்திய ரத்தம் பெண்களின் கல்யாணத்தில் வந்து நின்றது. பிறக்கும் முன்பே நடந்த ஒன்றுக்காக நான்கு பெண்கள் வருடக்கணக்கில் வீட்டுக்குள் காத்திருந்தார்கள். என் இரக்கம் முதலில் இவர்களுக்குத்தான்.

மூத்தவர் 1906-இல் ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். தந்தை அரண்மனை வாயிற்காவலர், மராத்திக்காரர், ஏற்கெனவே மணமானவர். இதைக் கிசுகிசுவாக எழுதுபவர்கள் உண்டு. அவர்களோடு என்னைச் சேர்க்காதீர்கள். அந்த இளவரசிக்கு அப்போது இருபத்தைந்து வயது. ஐந்து வயதிலிருந்து ஒரு வேலிக்குள் வளர்ந்தவர். குடும்பத்துக்கு வெளியே அவர் பார்த்துப் பேசிய ஆண்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். 1919-இல் குடும்பம் பர்மாவுக்குத் திரும்பியபோது அவரும் போனார். அப்புறம் என்ன செய்தார் தெரியுமா? ரத்னகிரிக்கே, அந்த மனிதரிடமே திரும்பி வந்தார். 1947-இல் அங்கேயே ஏழையாக இறந்தார். மகள் மராத்தி பேசி, அந்த ஊர்க்காரியாகவே வாழ்ந்து முடித்தார். கட்டுரையில் நான் அந்த மகளின் பெயரையோ பிள்ளைகளின் பெயரையோ போடவில்லை. கவனித்திருப்பீர்கள். அவர்கள் வழி வந்தவர்கள் இன்றும் இருக்கிறார்கள். நீங்கள் சொல்லும் எல்லைக்கோட்டை நான் அங்கேதான் போட்டுக்கொண்டேன்.

இரண்டாமவர் தகப்பனார் போன சில வாரங்களிலேயே, 1917-இல், தாயின் சம்மதம் இல்லாமல் ஒரு பர்மியரை மணந்தார். முன்பு மன்னரிடம் வேலை பார்த்தவர் அவர். இருவரும் பின்னர் இந்தியாவில், காலிம்போங்கில் வாழ்ந்தார்கள். 1956-இல் இறக்கும்வரை அந்த இளவரசி பர்மாவில் குடியேறவில்லை. சென்னையில் பிறந்த மூன்றாமவர் பர்மாவில் வாழ்ந்து 1962-இல் இறந்தார். நான்காமவர்தான் அரச உரிமைக்காகவும் பறிபோன நகைகளுக்காகவும் வெளிப்படையாகக் குரல் எழுப்பியவர். அவரை ரங்கூனிலிருந்து மௌல்மேனுக்கு அனுப்பிவிட்டார்கள். 1936-இல் அங்கே இறந்தார். மன்னர் போய் இருபது வருடம் ஆன பிறகும், ஒரு பெண் எந்த ஊரில் குடியிருக்கலாம் என்பதை அரசுதான் முடிவு செய்தது.

ராணியின் கோபத்தை ஏன் அவ்வளவு விரிவாக எழுதினீர்கள் என்று கேட்டிருந்தீர்கள். கணவரின் உடலை அவர் அடக்கம் செய்ய விடவில்லை. தங்கையின் உடலையும்தான். பர்மாவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நின்றார். அரசு மறுத்தது. இரண்டு வருடத்துக்கு மேல் அந்த உடல்கள் அந்த வளாகத்தில் காத்திருந்தன. 1919 மார்ச்சில் அரசே இருவரையும் ரத்னகிரியில் கல்லறைக்குள் வைத்துவிட்டது. அதற்குப் பிறகுதான் ராணி நாடு திரும்ப முடிந்தது. அதுவும் ரங்கூனுக்கு, மாண்டலேக்கு இல்லை. 1925-இல் அவர் இறந்தபோது மாண்டலேயில் புதைக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. ரங்கூனில் ஷ்வேடகோன் கோயில் பக்கத்தில் அவர் சமாதி இருக்கிறது. கணவன் ஒரு நாட்டில், மனைவி ஒரு நாட்டில். இதைக் கோபம் என்று நீங்கள் சொல்கிறீர்கள். அந்த வீட்டில் கடைசிவரை வளையாமல் இருந்தவர் அவர் ஒருவர்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 1879-இல் அவர் கை சுத்தம் இல்லை என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

கடைசியாக உங்கள் முத்துமண்டபம். ஸ்ரீ விக்ரம ராஜசிங்கன் வீட்டுக்குள் நடந்ததை யாரும் சொன்னதில்லை என்கிறீர்கள். அது மரியாதையால் நேர்ந்தது என்று நினைக்கிறீர்களா? நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான். 1815-இல் பிடிபட்டு, 1816-இல் கப்பலேற்றப்பட்டு, ராணிகளோடும் உறவினர்களோடும் வேலூர்க் கோட்டைக்கு வந்தார். பதினாறு வருடம் அங்கே கைதி. உடம்பில் நீர் கோத்து வீங்கும் நோயால் 1832 ஜனவரி 30 அன்று இறந்தார். வயது சுமார் 52. வேலூரில் அவருக்கு ஒரு மகன் பிறந்தான். அந்தப் பிள்ளையும் வாரிசு இல்லாமல் 1843-இல் போய்விட்டான். கண்டி ராஜ்யத்தையே பார்க்காத இளவரசன், பிறந்ததும் போனதும் காவலுக்குள்.

நீங்கள் அந்த ஊரிலேயே இருப்பவர். அந்த ராணிகள் என்ன ஆனார்கள், அவரோடு கோட்டைக்குள் வந்த குடும்பங்கள் பிறகு வேலூரில் எங்கே குடியேறின என்று அங்குள்ள பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள். ஏதாவது கிடைத்தால் எனக்கு எழுதுங்கள். இப்போது உயிரோடிருப்பவர்களின் பெயர்களை மட்டும் விட்டுவிடுங்கள்.