காரவனுக்கு வண்டியிலிருந்து கரண்ட்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

பாடசாலை விடுமுறை நெருங்குவதால் காரவன் (வண்டிக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் சக்கர வீடு) வயரிங் பற்றிய கேள்விகள் நிறைய வந்திருக்கின்றன. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் தருகிறேன்.

கேள்வி: என்னிடம் டீசல் டபுள் கெப் இருக்கிறது. பிரித்தானியாவிலிருந்து வந்த பழைய காரவன் ஒன்றை இழுக்கிறேன். உள்ளே லைட் எல்லாம் நன்றாக எரிகிறது. ஆனால் நுவரெலியா போய்ச் சேருவதற்குள் ஃபிரிட்ஜில் வைத்த பால் கெட்டுவிடுகிறது. ஃபிரிட்ஜ் பழுதா ஐயா?
— வெள்ளவத்தை வாசகர்

பதில்: ஃபிரிட்ஜைக் கழற்ற வேண்டாம், முதலில் வயரைப் பாருங்கள். எல்ஈடி லைட் ஒரு ஆம்பியருக்கும் குறைவாகத்தான் எடுக்கும். மெல்லிய வயரிலும் பளிச்சென்று எரியும். காஸ், 230 வோல்ட், 12 வோல்ட் மூன்றிலும் ஓடுகிற காரவன் ஃபிரிட்ஜ் அப்படியல்ல. 12 வோல்ட்டில் ஓடும்போது அதற்குள் வேலை செய்வது ஒரு சூடாக்கும் கம்பி; அந்தச் சூட்டைக் கொண்டுதான் இந்த வகை ஃபிரிட்ஜ் குளிரை உண்டாக்குகிறது. 10 ஆம்பியர் அளவில் விடாமல் இழுக்கும்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டியின் பற்றரியிலிருந்து ஃபிரிட்ஜ் வரை 8 மீற்றர் என்று வைத்துக்கொள்ளுங்கள். போன கரண்ட் திரும்பி வரவும் வேண்டும், ஆகவே செம்பின் நீளம் 16 மீற்றர். 1 சதுர மில்லிமீற்றர் வயரில் 10 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 2.8 வோல்ட் தொலைந்துவிடும். அல்டர்னேட்டர் (இஞ்சின் ஓடும்போது கரண்ட் உண்டாக்குவது) 13.8 வோல்ட் கொடுத்தாலும் ஃபிரிட்ஜுக்குப் போய்ச் சேருவது 11 தான். வெப்பம் வோல்ட்டின் வர்க்கத்தோடு குறைவதால், வர வேண்டிய சூட்டில் மூன்றில் இரண்டு பங்குகூட வராது. அதே தூரத்துக்கு 6 சதுர மில்லிமீற்றர் போட்டால் இழப்பு அரை வோல்ட்டுக்கும் கீழே இறங்கும்.

புறக்கோட்டையில் வயர் வாங்கும்போது வெளி பிளாஸ்டிக்கின் பருமனைப் பார்த்து ஏமாறாதீர்கள். உள்ளே இருக்கும் செம்பின் அளவைக் கேளுங்கள். அலுமினியத்தின் மேல் செம்பு பூசிய வயரும் விற்கிறார்கள். கத்தியால் சுரண்டினால் வெள்ளையாகத் தெரியும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் அதை வாங்க வேண்டாம்.

இன்னும் இரண்டு விஷயம். ஃபிரிட்ஜுக்குப் போகும் லைன், இஞ்சின் ஓடும்போது மட்டும் இணையும்படி ஒரு ரிலே (தானாக இணைத்துப் பிரிக்கும் சுவிட்ச்) வழியாகப் போக வேண்டும். இல்லாவிட்டால் சாப்பிட நிறுத்தி, அப்படியே தூங்கி எழும்ப, 8 மணித்தியாலத்தில் 80 ஆம்பியர்-மணி போயிருக்கும். வண்டி ஸ்டார்ட் ஆகாது. அப்புறம், 12 வோல்ட்டில் இந்த வகை ஃபிரிட்ஜ் இருக்கிற குளிரைக் காப்பாற்றுமே தவிர, சூடான பொருளைக் குளிராக்கப் பாடுபடும். புறப்படுவதற்கு முதல்நாளே வீட்டு கரண்ட்டில் போட்டுக் குளிரவைத்து, சாமானையும் குளிராகவே உள்ளே வையுங்கள்.

கேள்வி: பிரேக் மிதித்தால் காரவனின் சிக்னல் லைட்டும் மங்கலாக எரிகிறது. சிக்னல் போட்டால் பின் லைட் எல்லாம் சேர்ந்து மினுங்குகிறது.
— தெஹிவளை வாசகர்

பதில்: எர்த் போய்விட்டது. திரும்பும் வழி அடைபட்டால் கரண்ட் பக்கத்து லைட்டின் வழியே திரும்பப் பார்க்கும், அதுதான் இந்த மினுக்கம். நீங்கள் கடற்கரைப் பக்கம் என்பதால் பிளக்கைத் திறந்தால் பச்சைக் களிம்பு இருக்கும் என்று நினைக்கிறேன். மல்டிமீட்டரின் ஒரு முனையை வண்டி பற்றரியின் நெகட்டிவிலும் மற்றதைக் காரவன் பின் லைட்டின் எர்த்திலும் வைத்து, எல்லா லைட்டையும் போட்டு அளந்து பாருங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் வழியில் எங்கோ இணைப்பு கெட்டிருக்கிறது. லைட்டை அணைத்துவிட்டு அளந்தால் எல்லாம் நல்லதாகவே காட்டும், அதை நம்ப வேண்டாம்.

கேள்வி: வண்டியையும் காரவனையும் இணைக்கும் 13 பின் சொக்கெட் போட்ட கராஜ்காரர், எர்த் எல்லாம் ஒன்றுதானே என்று காரவன் பக்கத்தில் 3, 11, 13 ஆகிய பின்களை ஒன்றாகக் கட்டிவிட்டார். சரியா?
— வத்தளை வாசகர்

பதில்: சரியில்லை, பிரித்துவிடச் சொல்லுங்கள். 3 ரோட்டு லைட்டுகளின் எர்த். 9 எப்போதும் கரண்ட் இருக்கும் பின், அது திரும்பி வருவது 13 வழியாக. இஞ்சின் ஓடும்போது மட்டும் வேலை செய்யும் 10க்கு, அதாவது ஃபிரிட்ஜ் லைனுக்கு, எர்த் 11. காரவன் பக்கத்தில் இவற்றைச் சேர்த்தால், ஒரு பின் களிம்பு பிடித்ததும் ஃபிரிட்ஜின் கரண்ட் முழுவதும் லைட்டுகளின் மெல்லிய எர்த்தில் ஏறும்.

கேள்வி: புதிய வண்டி. பழைய வண்டியில் இருந்த ரிலேயையே இதிலும் போட்டேன். அறுகம்பே வரை ஓடியும் காரவன் பற்றரி பாதிகூட ஏறவில்லை. அல்டர்னேட்டரை மாற்ற வேண்டுமா?
— கொட்டாஞ்சேனை வாசகர்

பதில்: அல்டர்னேட்டர் நன்றாகத்தான் இருக்கிறது. இப்போதைய வண்டிகள் பலவற்றில் எரிபொருளை மிச்சம் பிடிக்க, பற்றரி நிறைந்ததும் வண்டியின் கணினி அல்டர்னேட்டர் வோல்ட்டைக் குறைத்துவிடும். உங்களுடையது போன்ற ரிலே ஏறத்தாழ 13.3 வோல்ட்டில் இணைந்து 12.8இல் பிரிந்துவிடும். ஆகவே பயணத்தில் பெரும்பகுதி அது திறந்தே கிடக்கிறது. இணைந்திருக்கும்போதும் ஈய அமில பற்றரி நிறையத் தேவையான 14.4 கிடைப்பதில்லை.

இதற்குத் தீர்வு டிசி-டிசி சார்ஜர். வரும் வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் பற்றரிக்கு வேண்டியதை அது தயாரித்துக் கொடுக்கும். லித்தியம் பற்றரி போடும் எண்ணம் இருந்தால் கட்டாயம் இதுதான். நேரடியாக இணைத்தால் லித்தியம் இழுக்கிற இழுப்பில் அல்டர்னேட்டர் சூடாகிக் கெட்டுவிடும். சார்ஜரைக் காரவன் பற்றரிக்குப் பக்கத்தில் பொருத்துங்கள்.

30 ஆம்பியர் சார்ஜர் என்றால் அது கொடுப்பதுதான் 30. எடுப்பது 40 வரை போகும். அதை 13 பின் சொக்கெட் வழியாக அனுப்பக் கூடாது. 16 சதுர மில்லிமீற்றர் கேபிளும் 50 ஆம்பியர் அன்டர்சன் பிளக்கும் (பெரிய கரண்ட்டைத் தாங்கும் பிளக்) தனியாகப் போடுங்கள். பியூஸ் இரண்டு முனையிலும் வேண்டும். இரண்டு பக்கமும் பற்றரி இருப்பதால், நடுவில் கேபிள் உராய்ந்து ஷோர்ட் ஆனால் இரண்டுமே அதற்குள் கரண்டைக் கொட்டும். ஒரு முனையில் மட்டும் பியூஸ் போட்ட வண்டிகளைப் பார்க்கும்போது எனக்குப் பயமாக இருக்கும். உள்ளே குழந்தைகள் படுத்திருப்பார்கள்.

உங்கள் வண்டியில் பற்றரியின் நெகட்டிவில், போகிற வருகிற கரண்டை அளக்கும் சின்னச் சென்சர் ஒன்று இருக்கலாம். இருந்தால், எர்த் கேபிளை நேராக அந்த முனையில் பூட்டாமல் வண்டியின் இரும்புச் சட்டத்தில் பூட்டுங்கள். இல்லாவிட்டால் கணினியின் கணக்குக் குழம்பும்.

கேள்வி: ஜப்பானிலிருந்து வந்த காரவன். வண்டியோடு இணைத்தால் எல்லாம் ஓடுகிறது. வீட்டு பிளக்கில் போடலாமா?
— மட்டக்குளி வாசகர்

பதில்: அப்படியே போடாதீர்கள்! 12 வோல்ட் சாமான் எங்கும் ஒன்றுதான், ஆனால் ஜப்பானில் வீட்டு மின்சாரம் 100 வோல்ட், இங்கே 230. 100 வோல்ட் சூடாக்கியை இங்கே செருகினால் ஐந்து மடங்குக்கு மேல் சக்தி இழுத்து எரிந்துவிடும். வோல்ட்டைக் குறைக்கும் ட்ரான்ஸ்ஃபோமர் போடுங்கள், அல்லது உள்ளே இருக்கும் சார்ஜரையும் பிளக் பொயின்ட்டுகளையும் 230க்கு மாற்றுங்கள்.

கேள்வி: ஹைபிரிட் கார். பெரிய பற்றரி இருக்கிறதே, அதிலிருந்து காரவனுக்கு எடுக்கலாமா?
— பம்பலப்பிட்டி வாசகர்

பதில்: வேண்டாம். அந்த ஆரஞ்சு நிறக் கேபிளில் ஓடுவது உயிரைப் பறிக்கும் வோல்ட். காரின் 12 வோல்ட் பற்றரியும் சின்னது, பெரிய சுமைக்கு ஆனதல்ல. காரவனை இழுக்க அந்த மாடலுக்கு அனுமதி இருக்கிறதா என்று கையேட்டில் முதலில் பாருங்கள்.

கேள்வி: கற்பிட்டியில் இரவுப் புழுக்கம் தாங்க முடியவில்லை. இன்வேட்டர் போட்டு வண்டியிலிருந்து காரவன் ஏசியை ஓட்டலாமா?
— வெள்ளவத்தை வாசகி

பதில்: 1000 வொட் ஏசிக்கு 12 வோல்ட் பக்கத்தில் 90 ஆம்பியருக்கு மேல் வேண்டும் அம்மா. நின்ற இடத்தில் மெதுவாக ஓடும் இஞ்சின் அதைத் தாங்காது. அதைவிட, இரவு முழுக்க இஞ்சினை ஓடவிட்டுப் பக்கத்தில் தூங்குவது ஆபத்து. புகையில் உள்ள கார்பன் மொனொக்சைட்டுக்கு மணமே இல்லை. வண்டியிலிருந்து 12 வோல்ட் மின்விசிறி ஓட்டுங்கள். அது எடுப்பது மிகக் குறைவு. ஏசி வேண்டுமென்றால் தங்கும் இடத்தின் 230 வோல்ட்டில், 30 மில்லிஆம்பியர் ட்ரிப் ஸ்விட்ச் வழியாக மட்டும். நீட்டிப்பு வயர் சுருளாக இருந்தால் சூடேறி உருகும், முழுவதும் அவிழ்த்துவிட்டே ஏசியைப் போடுங்கள்.