அக்ரோபாக்டீரியம் டிஎன்ஏவையும் புரதத்தையும் செடிக்குள் ஒரே வழியில்தான் அனுப்புகிறதா?

அக்ரோபாக்டீரியம் என்பது செடிக்குள் மரபணுவை ஏற்றப் பயன்படும் மண் பாக்டீரியா. அதைப் பற்றிய இந்தக் கேள்வியில் இரண்டு சந்தேகங்கள் இருக்கின்றன. டிஎன்ஏவும் புரதமும் ஒரே வழியில் போகின்றனவா என்பது முதலாவது. மரபணுவைச் சுமக்கும் பிளாஸ்மிட் (வட்டவடிவ டிஎன்ஏ) சரியாக இருந்தும் இலையில் மரபணு வேலை செய்யாமல் போவது ஏன் என்பது அடுத்தது. முதலாவது புரிந்தால் அடுத்ததில் பாதி அவிழ்ந்துவிடும்.

ஒரே வழிதான். ஆனால் "டிஎன்ஏ அனுப்பும் பாக்டீரியா" என்றே சொல்லிச் சொல்லி, முக்கியமான விஷயம் மறைந்துபோகிறது. அங்கே இருப்பது புரதத்தை வெளியேற்றும் இயந்திரம். நான்காம் வகைச் சுரப்பு அமைப்பு என்று பெயர். ஒரு புரதத்தோடு பிணைந்திருப்பதால்தான் டிஎன்ஏவால் அதற்குள் நுழைய முடிகிறது.

செடியில் கட்டியை உண்டாக்கும் டிஐ பிளாஸ்மிட்டில், செடிக்குள் போகும் பகுதியான டி-டிஎன்ஏவின் இரு எல்லைகளிலும் 25 கார இணைகள் நீளமுள்ள, ஏறக்குறைய ஒரே மாதிரியான தொடர் இருக்கும். 'விர்' மரபணுக்கள் உருவாக்கும் புரதங்களில் விர்டி1 துணையோடு விர்டி2 அங்கே ஓர் இழையை மட்டும் வெட்டுகிறது. வெட்டியபின் அது விலகுவதில்லை. தன் 29ஆவது அமினோ அமிலமான டைரோசின் மூலம் இழையின் 5′ முனையோடு சகப்பிணைப்பில் ஒட்டிக்கொள்கிறது. ஊசி போகும் வழியில் நூல் போவதுபோல விர்டி2 முன்னே செல்ல டிஎன்ஏ பின்னே போகிறது. வலது எல்லையை நீக்கினால் கட்டி வராது, இடது எல்லையை நீக்கினால் பெரிதாக ஒன்றும் ஆகாது என்பதற்குக் காரணம் இதுதான். இழையின் தலை வலப்பக்கம் இருக்கிறது. அதனால் தேர்வு மார்க்கரை (மரபணு ஏறிய செடியைப் பிரித்தெடுக்க உதவும் மரபணுவை) இடது எல்லையை ஒட்டி வையுங்கள். கடைசியாக உள்ளே போவது அது என்பதால், பாதியில் அறுந்த இழைகள் தேர்வில் தாமாகவே கழிந்துவிடும். இடது எல்லையில் வெட்டு விழாமல் தாண்டிப்போனால் வெக்டரின் (சுமந்துசெல்லும் பிளாஸ்மிட்டின்) உடற்பகுதியும் சேர்ந்து செடிக்குள் போய்விடும். அதைத் தனி பிசிஆர் வைத்துப் பார்க்காமல் எந்தச் செடியையும் சுத்தமானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இயந்திரத்தின் வாசலில் நிற்பது விர்டி4. அது அடையாளம் காண்பது புரதத்தின் கடைசி முனையில் உள்ள, ஆர்ஜினின் மிகுந்த, நேர்மின்சுமை கொண்ட ஒரு துண்டை. விர்டி2, விர்ஈ2, விர்எஃப் மூன்றிலும் அது உண்டு. 2004இல் வெளியான ஒரு சோதனையில் டிஎன்ஏ எந்தெந்தப் புரதத்தைத் தொட்டுக்கொண்டு போகிறது என்று வரிசையாகவே பார்த்தார்கள்: முதலில் விர்டி4, பிறகு விர்பி11, அடுத்து விர்பி6, விர்பி8, கடைசியில் விர்பி2, விர்பி9.

டிஎன்ஏ இல்லாமலே புரதம் போகுமா? போகும். விர்ஈ2, விர்எஃப் ஆகியவற்றோடு டிஎன்ஏவை வெட்டி ஒட்டும் கிரே ரீகாம்பினேஸ் நொதியை இணைத்து, டி-டிஎன்ஏவே இல்லாத பாக்டீரியாவை அராபிடாப்சிஸ் செடியின் மீது விட்டபோது, செடியின் டிஎன்ஏவில் அந்த நொதி வெட்டிய தடம் கிடைத்தது. இன்னொரு பழைய சோதனை எனக்கு மிகவும் பிடித்தது. விர்ஈ2 இல்லாத ஒரு பாக்டீரியா, டி-டிஎன்ஏ இல்லாத இன்னொரு பாக்டீரியா. தனித்தனியே விட்டால் கட்டி வராது, இரண்டையும் கலந்து விட்டால் வரும். அதாவது ஒன்று டிஎன்ஏவையும் மற்றொன்று விர்ஈ2வையும் அனுப்ப, இரண்டும் செடியின் செல்லுக்குள் சேர்ந்துகொள்கின்றன. அங்கே விர்ஈ2 அந்த ஒற்றை இழையைப் போர்த்தி நொதிகளிடமிருந்து காக்கிறது.

இனி நடைமுறை. இந்த இயந்திரம் எப்போதும் கட்டப்பட்டிருக்காது. செடி வெளியிடும் அசிட்டோசிரிங்கோன் போன்ற ஃபீனால்கள், பிஹெச் 5.5 அளவிலான அமிலத்தன்மை, சர்க்கரை ஆகியவற்றை விர்ஏ புரதம் உணர்ந்து விர்ஜி புரதத்தை முடுக்கினால்தான் விர் மரபணுக்கள் இயங்கும். பாக்டீரியாவை வளர்க்கும் எல்பி ஊடகத்தின் பிஹெச் 7ஐ ஒட்டி இருப்பதால் அதில் வளர்ந்த செல்களை அப்படியே இலையில் ஏற்றினால் பலன் குறையும். சென்ட்ரிஃபியூஜில் சுற்றி ஊடகத்தைக் கொட்டிவிட்டு, 10 மில்லிமோலார் எம்இஎஸ் (பிஹெச் 5.6), 10 மில்லிமோலார் மெக்னீசியம் குளோரைடு, 200 மைக்ரோமோலார் அசிட்டோசிரிங்கோன் கலந்த பஃபரில் ஓடி (செல்களின் அடர்த்தி அளவு) 0.3 முதல் 0.5 வரை வருமாறு கலக்கி, 2 முதல் 4 மணி நேரம் வையுங்கள். அசிட்டோசிரிங்கோன் தண்ணீரில் சரியாகக் கரையாது. 39.2 மில்லிகிராமை 1 மில்லிலிட்டர் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தால் 200 மில்லிமோலார். பஃபரில் மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோலிட்டர் போதும். பாஸ்பேட் பஃபர் வேண்டாம். பாஸ்பேட் குறையும்போதுதான் விர்ஜி கூடுதலாக உருவாகும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடுவது வெப்பநிலையில். பாக்டீரியா வளர 28 டிகிரி நல்லது. ஆனால் சுரப்பு இயந்திரம் அந்தச் சூட்டில் சரியாக அமையாது. ஷேக்கரில் வளர்த்த அதே 28இல் அசிட்டோசிரிங்கோனோடும் வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் இலையின் அடிப்பக்கம் செலுத்தியபின் செடியையும் சூடான அறையில் விட்டால், செல்கள் உயிரோடு இருக்கும், கடத்தல் வெகுவாகக் குறையும். அசிட்டோசிரிங்கோன் சேர்த்த நேரத்திலிருந்து 20 முதல் 24 டிகிரிக்குள் வைத்திருங்கள்.

சோதனைகளில் பயன்படும் புகையிலை இனமான நிக்கோட்டியானா பெந்தாமியானாவில் மரபணுவின் வெளிப்பாடு 2 முதல் 4 நாளில் உச்சம் தொட்டு விழும். அந்த வீழ்ச்சி செடியின் ஆர்என்ஏ அடக்கத்தால் வருவது; கூடவே அந்த அடக்கத்தைத் தடுக்கும் வைரஸ் புரதமான பி19 கொடுத்தால் நீடிக்கும். நீல நிறம் தரும் கஸ் மரபணுவை அடையாளமாக வைத்தால், நடுவே இன்ட்ரான் (செடி வெட்டி நீக்கும், பாக்டீரியாவால் நீக்க முடியாத இடைத்துண்டு) உள்ளதையே எடுங்கள். இன்ட்ரான் இல்லாததைப் பாக்டீரியாவே வெளிப்படுத்தக்கூடும் என்பதால், டிஎன்ஏ செடிக்குள் போகாமலே இலை நீலமாகிவிடும்.